வெள்ளைத் தாளும் வெள்ளை நாயும்

ஓய்வு பெற்ற அரசியல் பேராசிரியரை வீட்டில் சும்மா உட்கார விடக் கூடாது ஐயா. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பின்னால் இருக்கிற இருபத்திரண்டு வீட்டுக் காலனியே சாட்சி.

வேதசிரோமணி முப்பத்திரண்டு வருஷம் தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் போய்க் கல்லூரியில் பாடம் நடத்தியவர். பாடத்திட்டத்தில் பத்துப் பதினைந்து சிந்தனையாளர்கள் இருந்தாலும் அவர் மனசார நடத்தியது ஒரே ஒருத்தரைத்தான். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துத் தத்துவ ஞானி. மனிதன் பிறக்கும்போது அவன் மனசு எழுதாத வெள்ளைத் தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்றவர். சம்மதம் இல்லாமல் ஆட்சி இல்லை என்றவர். தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்கார எவனுக்கும் உரிமை இல்லை என்றவர். காலனியில் அந்த ஞானிக்குப் பெயரெல்லாம் கிடையாது. "சாரோட ஆளு" என்றால் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். தண்ணீர்த் தொட்டிச் சண்டையிலிருந்து சர்ச் கன்வென்ஷன் கூட்டம் வரைக்கும் சார் அந்த ஆளை எங்கேயும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஓய்வு பெற்ற நாளில் மாணவர்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு ராஜபாளையத்து நாய்க்குட்டியைக் கொடுத்தார்கள். பால் நிறம், ரோஸ் மூக்கு. துரை என்று பெயர் வைத்தார். மகன் சிங்கப்பூரில், மகள் ஓசூரில். வீட்டில் மனைவி சற்குணமும் அவரும்தான். பாடம் கேட்க ஆள் இல்லாமல் தவித்த மனுஷனுக்குத் துரை வந்தது பெரிய ஆறுதல். அது அவர் காலடியில் படுத்துக்கொண்டு, அவர் பேசுகிற முழு நேரமும் முகத்தையே பார்க்கும். முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவனும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நாய்மீது அவருக்கு உயிர் என்றால் உயிர்.

சரி, சட்டத்துக்கு வருவோம். போர்வெல் தண்ணீர் யாருக்கு எப்போது என்று காலனியில் நாள் தவறாமல் சண்டை. சார் ஒரு மாதம் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் காலனிக்கு அரசியல் சட்டம் எழுதினார். சட்டம் இயற்றுகிறவர் வேறு, நிறைவேற்றுகிறவர் வேறு, தீர்ப்புச் சொல்கிறவர் வேறு. இயற்றுவது எல்லா வீட்டாரும். நிறைவேற்றுவது போலீஸ் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்ற சேதுபதி. அவரிடம் பழைய விசில் இன்னும் இருந்தது. நீதிபதி, தபால் ஆபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்த கோதைநாயகி மாமி. சாருக்கு அடுத்த வீடு.

ஏழாவது சட்டம் மாமி கேட்டு வந்தது. சுவரில் காயவைத்த வடகத்தைப் பூனை கொண்டுபோனது, குரங்கு கொண்டுபோனது என்று மாமிக்குத் தீராத குறை. மூன்றாம் தடவை திருடினால் காலனியை விட்டே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சேதுபதி, 'நாய், பூனை, குரங்கு, ஆடு' என்று எழுதிக்கொண்டு போனார்.

சார் பேனாவைப் பிடுங்கிவிட்டார். "என்ன ஏட்டையா, மாட்டுச்சந்தைக்கா லிஸ்ட் போடுதீய? சட்டம்னா பொதுவா இருக்கணும். 'எந்த ஜீவனும்'னு எழுதுங்க. சட்டத்துக்கு முன்னால எல்லாரும் ஒண்ணு."

எல்லோரும் கைதட்டினார்கள். சாருக்கு அன்றைக்கு இரவு தூக்கமே பிடிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்த சமாசாரம். சாருக்கு சுகர். சாதாரண சுகர் இல்லை, போன டெஸ்டில் முந்நூற்றுப் பத்து. சற்குணம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வீட்டில் சீனி டப்பாவுக்குப் பூட்டு. டீயில் இனிப்பு என்கிற பேச்சே கிடையாது. விடியற்காலை ஐந்தரைக்கு அவரையும் துரையையும் நடக்கத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கோதைநாயகி மாமியோ வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கே இரண்டு லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். ஊரெல்லாம் பால்கோவா கடை இருந்தாலும் வீட்டுப் பெருமாளுக்குத் தன் கையால் கிண்டினால்தான் மாமிக்குத் திருப்தி. மின்விசிறிக் காற்றில் ஆறினால் மேலே தோல் கட்டும், மலைக்காற்றில்தான் ஆற வேண்டும் என்பது மாமியின் கட்சி. அதனால் பால்கோவா கிண்டின உருளியை இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்சுவரில் வைத்து, தட்டால் மூடிவிட்டுக் குளிக்கப் போவார். அப்போது மணி ஐந்து முப்பத்தைந்து.

ஐந்து முப்பத்தைந்துக்கு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் யார் நிற்பார் என்று நான் சொல்ல வேண்டுமா?

முதல் தடவை ஒரு விரல்தான். அடியில் லேசாகக் காந்தின இடத்தை வழித்து வாயில் வைத்தார். அடடா! இரண்டு வருஷமாகக் கோதுமைக் கஞ்சி குடித்துச் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. அப்புறம் ஒரு கை அள்ளினார். கீழே சிந்தியதைத் துரை நக்கியது. கையில் நெய்ப் பிசுக்கு. வேஷ்டியில் துடைத்தால் சற்குணம் மோப்பம் பிடித்துவிடுவாள். பக்கத்தில் துரையின் வெள்ளை முதுகு இருந்தது. வெள்ளையில் வெள்ளை தெரியவா போகிறது, துடைத்துவிட்டார்.

மாமி வந்து பார்த்தபோது சுவரோரம் வாயை நக்கிக்கொண்டு நின்றது துரை மட்டுமே. சேதுபதி நோட்டில் எழுதினார்: முதல் குற்றம். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது. இரண்டு தடவையும் சார் முன்வாசல் படியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்திருந்தார், தலைகீழாக.

மனசு குத்தாமல் இல்லை. ஆனால் படித்த மனசு அல்லவா, பதில் வைத்திருந்தது. நாய்க்குத் தெரியவா போகிறது, அதற்கு மானம் போகுமா மரியாதை போகுமா? இரண்டு தடவைதானே, இனி தொடவே போவதில்லை என்று தன்னைத் தானே விடுதலை செய்துகொண்டார்.

மூன்றாவது தடவையும் கை போனது. அந்த வெள்ளிக்கிழமை தட்டு நழுவிக் கீழே விழுந்து டமார் என்றது; நோட்டில் துரைமேல் மூன்றாவது குற்றம் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொட்டியடியில் காலனி கூடியது. சோழபுரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் உக்கிரபாண்டி குட்டியானை லோடு வண்டியோடு வந்திருந்தான். சாரிடம் படித்தவன். துரையை அவன் தோப்பில் கொண்டுபோய்க் கட்டுவதாக ஏற்பாடு.

"தோப்புக் காவலுக்கு நல்லா இருக்கும் சார். பகலெல்லாம் சங்கிலிதான், ராத்திரி அவுத்து விட்டுருவேன்" என்றான் பணிவாக.

சங்கிலி என்றதும் சார் குனிந்து துரையைப் பார்த்தார். காலனித் தெருவில் அம்பு மாதிரி பாய்கிற நாய் அது. ஒன்றும் தெரியாமல் அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. எப்படியாவது இதைக் காப்பாற்றிவிட வேண்டும், ஆனால் உண்மையைச் சொல்லாமல் காப்பாற்ற வேண்டும். சற்குணம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாளே! அவர் தன் ஆளைத்தான் நம்பி எழுந்தார்.

"நீதிபதியே வழக்குல பாதிக்கப்பட்டவங்க. தன் வழக்குல தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது."

மாமி யோசித்தார். "நியாயம்தான் சார். நான் இறங்கிக்கறேன். ஆனா நீங்களும் உட்கார முடியாதே, நாய் உங்களது. எல்லாரும் ஒத்துக்கற ஆளா ஒருத்தர் வேணும்."

இருபத்திரண்டு வீடும் ஒரே குரலில் சொன்னது: "சற்குணம் டீச்சர்!" நர்ஸாக இருந்தவளை ஏனோ காலனியில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குரல் அப்படி.

"அதெப்படி, நாய் அவ வீட்டு நாயும்தானே" என்று சார் பதறினார்.

"எனக்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது" என்று சற்குணம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "சோறு போடுதேன், திங்குது. ஒரு மாசமா அதுக்கு முதுகுல என்னமோ சொறி வேற, முடியெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிடுது. மருந்து வாங்கித் தேச்சே என் கை ஓஞ்சு போச்சு. சட்டுனு முடிங்க, சோறு வடிக்கணும்."

பிசுபிசு என்றதும் சார் துரையின் முதுகிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். இருந்தாலும் விடவில்லை. "சரி. இந்தச் சட்டத்துக்குத் துரை சம்மதம் குடுத்துச்சா? சம்மதம் இல்லாதவங்களைச் சட்டம் கட்டுப்படுத்தாது."

சேதுபதி நோட்டைப் புரட்டினார். "காலனித் தண்ணியக் குடிக்கி, காலனி ரோட்டுல நடக்கி. ஒரு நாட்டு ரோட்டுல நடந்தாலே அந்த நாட்டுச் சட்டத்துக்குச் சம்மதிச்ச மாதிரின்னு நீங்கதான சார் சொன்னீய? தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்."

வகுப்பில் ஒருத்தன்கூட நோட்ஸ் எடுக்கவில்லை. எடுத்தவர் இவர்தான், அதுவும் இந்த நேரத்துக்கு.

"துரை திருடினதை யாராவது கண்ணால பாத்தீங்களா? புலன் வழியா வராத அறிவு அறிவே இல்ல" என்றார் சார்.

"தட்டு விழுந்த சத்தம் காதால கேட்டேன். வாய நக்கிண்டு நின்னதைக் கண்ணால பாத்தேன். ரெண்டு புலன் போறாதா சார்?" என்றார் மாமி.

இனி ஒன்றுதான் மிச்சம். சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் வாழ்நாளின் மிகச் சிறந்த சொற்பொழிவை நிகழ்த்தினார். பிறக்கும்போது எந்த மனசும் வெள்ளைத் தாள்தான், நாய் மனசும் அப்படியே. திருட்டு என்கிற எண்ணத்தோடு எந்த உயிரும் பிறப்பதில்லை. அந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதை அனுபவம்தான் எழுதியது, பழக்கினவன்தான் எழுதினான். "எழுதினவனை விட்டுட்டுத் தாளைத் தண்டிக்கலாமா?" என்று கேட்டபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. பேசும்போதுதான் அவருக்கு உறைத்தது, தான் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. சேதுபதிக்கு மட்டும் போலீஸ் மூளை விழித்துக்கொண்டது.

"அப்போ தாள்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருவோம் சார். ஸ்டேஷன்ல செய்யிற வேலைதான். குற்றம் எப்படி நடந்துச்சோ அப்படியே நடத்திப் பாக்கணும்."

மாமி வீட்டில் மிச்சப் பால்கோவா இருந்தது. உருளி பின்சுவருக்கு வந்தது, நீதிபதியின் நாற்காலியும் கூட்டமும் பின்னாலேயே வந்தன. காலனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, சேதுபதி விசிலை ஊதித் துரையை ஏவிவிட்டார்.

துரை சுவரடிக்குப் போனது. மூக்கைத் தூக்கி முகர்ந்தது. எட்டினால் வாய்க்கு எட்டுகிற உயரம்தான். ஆனால் தொடவில்லை. திரும்பி வேதசிரோமணியைப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாய் உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். உட்கார்ந்தே இருந்தது.

"அட, தொட மாட்டேங்குதே!" என்று கூட்டம் ஆரவாரித்தது. மாமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "பெருமாளே, வாயில்லாத ஜீவனை நான் பழி சொல்லிட்டேனே!" என்று உருளியை எடுத்து எல்லோர் கையிலும் ஆளுக்கு ஒரு துளி வைத்தார். சாரிடம் வந்ததும் நீதிபதியைப் பார்த்தார். "இன்னிக்கு மட்டும் ஒரு துளி" என்று சற்குணம் தலையசைத்தாள்.

சார் வாயில் போட்டுக்கொண்டார். தப்பித்தோம் என்கிற நினைப்பில் அது இன்னும் இனித்தது. விழுங்கி முடிக்கவில்லை, துரை எழுந்தது. நேராக அவரிடம் வந்தது. அப்படியே திரும்பி நின்று, முதுகை அவர் கைக்கு நேராகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

சார் ஒரு அடி நகர்ந்தார். துரையும் பின்பக்கமாகவே ஒரு அடி நகர்ந்து முதுகைக் கொடுத்தது. துடைக்க வேண்டியதைத் துடையேன் என்கிற மாதிரி இடுப்பால் அவர் கையை இடித்தது.

"பாத்தீயளா!" என்று சேதுபதி தொடையில் தட்டினார். "வெக்கப்பட்டு முகத்தத் திருப்பிக்கிடுது! குத்தமுள்ள நெஞ்சு. எத்தன திருடனப் பாத்திருக்கேன், கூட்டத்துக்கு முன்னால தொட மாட்டானுவ, தப்பிச்சாச்சுன்னா முழியே காட்டிக் குடுத்துரும். கேஸ் முடிஞ்சுது. ஏலே உக்கிரபாண்டி, கயித்தக் கொண்டா."

கூட்டத்துக்கு இது கேட்க நியாயமாகத்தான் பட்டது. உக்கிரபாண்டி கயிற்றைக் கழுத்தில் போட்டான். துரை வாலை ஆட்டிக்கொண்டு கழுத்தை நீட்டியது. யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்தது போல.

சற்குணம் மட்டும் எழுந்து வந்தாள். துரையின் முதுகில் அந்த ஒட்டின முடியைத் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அந்தப் பார்வையை அவர் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார். நாற்காலியில் போய் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்: "தீர்ப்பச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னால யாருக்காவது எதாச்சும் சொல்லணுமா?"

சொல்லாமல் இருந்தால் வீட்டோடு போகும். இத்தனை பேர் முன்னால் மானம் தப்பும். சாருக்கு அது தெரிந்தது. அதே சமயம் இன்னொன்றும் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம், தன் வழக்கில் தானே நீதிபதி ஆகாதே என்று பெஞ்சைத் தட்டித் தட்டிச் சொல்லிவிட்டு, மூன்று வெள்ளிக்கிழமையும் தானே குற்றவாளி, தானே நீதிபதி, தானே விடுதலை என்று நடந்திருக்கிறார். சீ, இதுவும் ஒரு படிப்பா என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உக்கிரபாண்டி கயிற்றை இழுத்தான். துரை முதல் தடவையாகப் பயந்து அவரைத் திரும்பிப் பார்த்தது.

"கயித்த விடுலே!" என்று கத்திவிட்டார். "திருடினது நான்தான். மூணு தடவையும் நான்தான். அள்ளித் தின்னுட்டு அது முதுகுல கையத் துடைச்சேன். அந்தத் தாள்ல எழுதினவன் நான்தான்."

சேதுபதியின் வாயிலிருந்து விசில் நழுவி மார்பில் தொங்கியது.

கோதைநாயகி மாமிதான் முதலில் பேசினார். "பெருமாளுக்கு முன்னாடி நீங்களா சார் சாப்பிட்டேள்?"

மூழ்குகிற நேரத்திலும் வாத்தியார் புத்தி போகுமா? "மாமி, இந்த ஊர்ல தாயார் முதல்ல சூடிப் பாத்துட்டுக் குடுத்த மாலையத்தானே பெருமாள் சந்தோஷமா வாங்கிக்கிட்டார்..."

"அவ ஆண்டாள் சார். நீங்க சுகர் பேஷண்ட்" என்றார் மாமி.

கூட்டம் அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் அப்போது கொட்டியது. சாரும் தலையைத் தொங்கப் போட்டபடி சிரித்துவிட்டார். சிரிக்காதது நீதிபதி ஒருத்திதான்.

"ஏட்டையா, ஏழாவது சட்டத்த வாசிங்க."

சேதுபதி எச்சிலை விழுங்கிக்கொண்டு வாசித்தார். "மூன்றாம் முறை திருடும் எந்த ஜீவனும் காலனியை விட்டு வெளியேற்றப்படும்."

"எந்த ஜீவனும்" என்று சற்குணம் நிறுத்திச் சொன்னாள். "உங்க கையெழுத்துதானங்க அது? ஏலே உக்கிரபாண்டி, உன் தோப்புப் பக்கத்துல பால்கோவா கடை இருக்கா?"

"மூணு கிலோமீட்டருக்கு ஒண்ணும் இல்லம்மா."

"மாம்பழம்?"

"சீசன் முடிஞ்சுட்டும்மா. இலதான் கெடக்கு."

"அப்போ சார ஒரு மாசம் கூட்டிட்டுப் போ. காலையில கம்பங்கூழு, சாயங்காலம் தோப்பச் சுத்தி நாலு ரவுண்டு. மாத்திரைய நான் எழுதித் தாரேன். தானா ஒத்துக்கிட்டதால ஒரு மாசம், இல்லன்னா ஆறு மாசம் போட்டிருப்பேன்." அதற்குமேல் அவளால் முடியவில்லை. குரல் உடைந்தது. "முந்நூத்திப் பத்துங்க! என்னைய இங்க ஒத்தையில விட்டுட்டுப் போயிரணும்னு அம்புட்டு அவசரமா உங்களுக்கு?"

சாருடைய ஆள் அதற்கு ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

அரை மணி நேரத்தில் பை கட்டியாயிற்று. சார் குட்டியானையின் பின்பக்கம் ஏறி வைக்கோல் மூட்டை மேல் உட்கார்ந்தார். துரையைக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? விடுதலையான நாய், அது பாட்டுக்கு வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தார். வண்டி உறுமியதும் துரை ஒரே பாய்ச்சலில் ஏறி அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. இறங்கு என்றார். கேட்கவில்லை. அது தன் சம்மதத்தைச் சொல்லிவிட்டது.

மாமி ஓடிவந்து ஒரு பால்கோவாப் பொட்டலத்தை நீட்டினார். "துரைக்கு, சார். பழி போட்டதுக்குப் பிராயச்சித்தம். உங்களுக்கில்லை, ஞாபகம் இருக்கட்டும்."

வண்டி ராஜபாளையம் ரோட்டில் திரும்பியது. மேற்கே மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சார் பொட்டலத்தைப் பிரித்துத் துரைக்கு முன்னால் வைத்தார். துரை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. நீ சாப்பிடாமல் நான் எப்படி என்று உட்கார்ந்தே இருந்தது.

"நீ தின்னுலே" என்றார். "நான் திங்க மாட்டேன். சத்தியமா."

அது நம்பவில்லை. நம்பும்படியாக அவரும் இதுவரை நடந்துகொள்ளவில்லை. சோழபுரத்துக்குத் திரும்புகிற விலக்கு வருகிற வரைக்கும் அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகுதான் துரை மெதுவாகத் தலையைக் குனிந்து பொட்டலத்தை நக்கி முடித்தது. முடித்துவிட்டு, பழக்கம் விடாமல், எழுந்து திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி நின்றது.

அன்றைக்குத் துடைக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. சும்மா தடவிக் கொடுத்தார்.